சட்டமும் சங்கேதமும்: ஷ்ரோடிங்கரின் நூலை மீண்டும் படிக்கையில்

இயற்பியல் மாணவர் எவராவது உயிரியலின் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கினால், அவர் கையில் யாரேனும் ஒருவர் ஒரு சிறு நூலைக் கொடுத்துவிடுவது வழக்கம். எர்வின் ஷ்ரோடிங்கர் எழுதிய 'உயிர் என்றால் என்ன?' என்பதே அந்நூல். நூறு பக்கத்துக்கும் குறைவு. சமன்பாடுகளும் மிகச் சில. நானும் என் மாணவர் பலருக்கு இதைக் கொடுத்திருக்கிறேன். அவர்களுள் ஒருவர் நூலைத் திருப்பித் தரும்போது, "அப்படியானால் டி.என்.ஏ. தானாகவே புரதத்தைச் செய்துவிடுகிறதா, சார்?" என்று கேட்டார். நூலில் டி.என்.ஏ. என்ற பெயரே கிடையாது. ஆயினும் அப்படி ஒரு கேள்வி பிறப்பதற்கான காரணம் அந்நூலிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மீண்டும் எடுத்துப் படித்தேன். தோன்றியது சரிதான்.

முதலில் நூலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலைச் சமன்பாட்டை 1926-இல் தந்து, 1933-இல் நோபல் பரிசும் பெற்ற ஷ்ரோடிங்கர், நாஜிகளின் பிடியிலிருந்து விலகி 1939 முதல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் வாழ்ந்தார். அங்கே 1943 பிப்ரவரியில், டிரினிட்டி கல்லூரியில், பொதுமக்களுக்காகச் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். ஏறத்தாழ 400 பேர் கேட்டனர். அச்சொற்பொழிவுகளே அடுத்த ஆண்டு நூலாயின. உயிரினத்தின் உள்ளே நடப்பவற்றை இயற்பியலாலும் வேதியியலாலும் விளக்க முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

முதல் அத்தியாயம் இன்றும் படிக்கத் தெவிட்டாதது. அணுக்கள் ஏன் இவ்வளவு சிறியவை என்று கேட்கத் தொடங்குகிறார்; உடனே கேள்வியைத் திருப்பிப் போட்டு, நாம் ஏன் இவ்வளவு பெரியவர்களாக இருக்கிறோம் என்று கேட்கிறார். விடை புள்ளியியலில் இருக்கிறது. n மூலக்கூறுகள் கொண்ட ஒரு தொகுதியில் ஏற்ற இறக்கம் √n அளவுக்கு இருக்கும். 100 மூலக்கூறுகள் என்றால் 10. அதாவது நூற்றுக்குப் பத்துத் தவறு. பத்து லட்சம் என்றால் ஆயிரம். அதாவது ஆயிரத்துக்கு ஒன்றே தவறு. இயற்பியல் விதிகள் துல்லியமாக இருப்பது அணுக்கள் பெருங்கூட்டமாக இருப்பதால்தான். இங்கேதான் அவர் நம்மைத் திடுக்கிட வைக்கிறார். பெற்றோரின் சாயலைப் பிள்ளைக்குக் கொண்டுசெல்லும் ஜீனில், அன்றைய எக்ஸ் கதிர்ச் சோதனைகளின்படி, ஏறத்தாழ 1,000 அணுக்களே இருக்கக்கூடும். √n விதிப்படி நூற்றுக்கு மூன்றுக்கு மேல் தவறு நேரவேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சாயல் மாறாமல் வருகிறதே, எப்படி?

ஜீன் ஒரு திடப்பொருளைப் போன்ற பெரிய மூலக்கூறு; குவாண்டம் விதிகளே அதைக் குலையாமல் காக்கின்றன என்பது அவருடைய விடை. உப்புப் படிகத்தில் ஒரே அமைப்புத் திரும்பத் திரும்ப வரும். அதில் செய்தி எதையும் எழுத முடியாது. ஜீனோ அப்படித் திரும்ப வராத அமைப்புடைய படிகம். அதில் ஒரு சங்கேதம் எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு அவர் காட்டும் உவமை மோர்ஸ் தந்தி முறை. புள்ளி, கோடு என்ற இரண்டே குறிகளைக்கொண்டு, ஒன்று முதல் நான்கு குறிகள்வரை சேர்த்து எழுதினால் 2 + 4 + 8 + 16, ஆக மொத்தம் 30 எழுத்துகள் கிடைக்கும். சில வகை அணுக்கூட்டங்களே போதும், ஒரு உயிரினத்தின் முழுத் திட்டத்தையும் அடக்கிவிடலாம் என்கிறார். டி.என்.ஏ.யின் அமைப்பு வெளிவருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இதைச் சொன்னார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1953 ஆகஸ்டில் பிரான்சிஸ் கிரிக் தம் கட்டுரைகளை ஷ்ரோடிங்கருக்கு அனுப்பி, தாமும் வாட்சனும் இந்நூலால் தூண்டப்பட்டவர்கள் என்று கடிதம் எழுதினார்.

இதுவரை பாராட்டு. இனி வருவது குறை.

இரண்டாம் அத்தியாயத்தில், இந்தச் சங்கேதத்தைப் பற்றிச் சொல்லும்போது ஷ்ரோடிங்கர் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைக்கிறார். குரோமோசோம் என்பது வெறும் திட்டம் மட்டுமன்று. அத்திட்டத்தை நிறைவேற்றும் கருவியும் அதுவே. சட்டமும் அதுவே, நிர்வாகமும் அதுவே. வீட்டின் வரைபடமும் அதுவே, கொத்தனாரும் அதுவே என்ற பொருள்பட எழுதுகிறார். வாசிக்க அழகாக இருக்கிறது. ஆனால் நூலின் பெரும் பிழை இதுதான்.

ஆங்கிலத்தில் 'கோட்' என்ற ஒரே சொல் தண்டனைச் சட்டத் தொகுப்பையும் குறிக்கும். தந்திச் சங்கேதத்தையும் குறிக்கும். சங்கேதம் என்று தொடங்கியவர் அச்சொல்லின் மறுபொருளுக்கு வழுக்கி, சட்டம் என்றும், சட்டத்திலிருந்து நிர்வாகம் என்றும் போய்விட்டாரோ என்று எனக்கு ஓர் ஐயம். தமிழில் எழுதியிருந்தால் இந்த வழுக்கல் நேர்ந்திருக்காது. நமக்குச் சட்டம் வேறு, சங்கேதம் வேறு. சங்கேதம் என்று சொன்னவுடனேயே, அதைப் படிப்பவர் யார் என்ற கேள்வி எழுந்துவிடும்.

படிப்பவர் யார்? செல்லுக்குள் நடப்பதைச் சற்றுப் பார்ப்போம். டி.என்.ஏ.யில் உள்ள செய்தி முதலில் தூது ஆர்.என்.ஏ. என்ற நாடாவாகப் படியெடுக்கப்படுகிறது. இந்நாடாவில் ஏ, யு, ஜி, சி என நான்கு வகைக் காரங்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கும்போது ஒவ்வொரு மும்மையும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. ஆனால் நாடாவுக்கும் அமினோ அமிலத்துக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. இடையில் கடத்து ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறு நிற்கிறது. அதன் ஒரு முனையில் மும்மைக்குப் பொருந்தும் எதிர்மும்மை. மறுமுனையில் அமினோ அமிலம். இந்தக் கடத்து ஆர்.என்.ஏ.வின் மேல் சரியான அமினோ அமிலத்தை ஏற்றிவிடுவதற்கென்றே தனி என்சைம்கள் இருக்கின்றன. நாடாவைப் பிடித்துக்கொண்டு, வருகின்ற சுமைகளை ஒன்றோடொன்று கோத்துப் புரதச் சங்கிலியாக்குவது ரைபோசோம். வரைபடத்தை டி.என்.ஏ. வைத்திருக்கிறது, கொத்தனார், சித்தாள், மேஸ்திரி எல்லாரும் வேறு ஆட்கள்.

ஷ்ரோடிங்கரின் பிழையால் தீங்கென்ன என்று கேட்கலாம். அது அவரோடு நிற்கவில்லை. நூலைப் படித்த ஒரு தலைமுறையே, சங்கேதத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டு உடைத்துவிடலாம் என்று கிளம்பியது. அவர்களுள் முதல்வர் இயற்பியலாளர் ஜார்ஜ் காமாவ். 1954-இல் அவர் வெளியிட்ட திட்டத்தில், டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளில் வைர வடிவக் குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் அதற்குரிய அமினோ அமிலம் தானே வந்து அமர்ந்துகொள்கிறது. குழிகளின் வகை எண்ணிப் பார்த்தால் சரியாக 20! புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களும் 20! இதைவிட என்ன வேண்டும்? கவனியுங்கள், இங்கே கொத்தனார் இல்லை. வரைபடமே செங்கல்லை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஷ்ரோடிங்கரின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் படம் வரைந்தாற்போல் இருக்கிறது. (காமாவ் இருபது பேரைச் சேர்த்து ஒரு சங்கமும் அமைத்தார், ஒவ்வொருவருக்கும் ஓர் அமினோ அமிலத்தின் பெயர், ஒரு கழுத்துப் பட்டை. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தாம்.)

குழியில் அமினோ அமிலம் அமரும் என்பதை முதலில் ஐயுற்றவர் கிரிக். 1955-இல் அந்தச் சங்கத்தாருக்கு அனுப்பிய குறிப்பொன்றில், நியூக்ளிக் அமிலத்தின் வடிவத்தில் அமினோ அமிலங்களை வேறுபடுத்தி அறியும் தன்மை எதுவும் தெரியவில்லை, ஆகையால் இடையாட்கள் இருக்கவேண்டும் என்று வாதாடினார். சில ஆண்டுகளுக்குள் பாஸ்டன் நகரில் ஜாமெக்னிக்கும் ஹோக்லண்டும் கடத்து ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தனர்.

ஆனால் கிரிக்கும் கணக்கின் கவர்ச்சிக்குத் தப்பவில்லை. பழைய ஓலைச்சுவடிகளைப் பார்த்திருப்பீர்கள். சொற்களுக்கிடையே இடைவெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. படிப்பவரே பதம் பிரித்துக்கொள்ளவேண்டும். தூது ஆர்.என்.ஏ.விலும் இதே தொல்லை. எங்கே ஒரு மும்மை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு இடைவெளி கிடையாது. 1957-இல் கிரிக்கும் கிரிஃபித்தும் ஆர்கலும் இப்படி யோசித்தனர்: எங்கே பிரித்தாலும் ஒரே ஒரு வகையில்தான் பொருள் வரும்படி சொற்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால்? நான்கு காரங்களால் 4 × 4 × 4 = 64 மும்மைகள் உண்டு. யு-யு-யு போன்று ஒரே காரம் மும்முறை வருபவை கூடா. அவை அடுத்தடுத்து வந்தால் பிரிக்கும் இடம் தெரியாது. அந்த நான்கையும் தள்ளினால் மீதி 60. ஏ-யு-ஜி ஒரு சொல்லானால், அதைச் சுழற்றிக் கிடைக்கும் யு-ஜி-ஏ, ஜி-ஏ-யு இரண்டும் சொற்களாக இருக்கக்கூடாது. ஆகவே மூன்றுக்கு ஒன்று. 60-ஐ 3-ஆல் வகுத்தால் 20! மறுபடியும் அதே மந்திர எண்.

எழுதும்போதே என் கை துடிக்கிறது. அவ்வளவு நேர்த்தியான வாதம். தவறு என்று எனக்குத் தெரிந்திருந்தும், ஒவ்வொரு முறையும் இது உண்மையாக இருந்திருக்கலாகாதா என்று ஏங்க வைக்கிறது.

1961 மே 27. அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் தேசிய சுகாதாரக் கழகத்தில், அப்போது அதிகம் அறியப்படாத மார்ஷல் நிரென்பர்க்கும் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஹைன்ரிஷ் மத்தையும் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தனர். பாக்டீரியாவை உடைத்தெடுத்த சாறு. அதில் ரைபோசோமும் கடத்து ஆர்.என்.ஏ.வும் என்சைம்களும் எல்லாம் உண்டு. அதில் யு மட்டுமே வரிசையாக உள்ள செயற்கை ஆர்.என்.ஏ.வை இட்டனர். வெவ்வேறு குழாய்களில் வெவ்வேறு அமினோ அமிலத்துக்குக் கதிரியக்கக் குறியிட்டுப் பார்த்தனர். ஃபினைல்அலனின் குறியிட்ட குழாயில் மட்டும் புரதம் திரண்டது. ஆக, யு-யு-யு என்றால் ஃபினைல்அலனின். உயிரின் அகராதியில் மனிதன் அறிந்த முதல் சொல், அழகான அந்தக் கணக்கு இருக்கவே முடியாது என்று தள்ளிய நான்கில் ஒன்று!

பதம் பிரிப்பது எப்படி என்ற சிக்கலுக்குச் செல் கண்ட தீர்வு மிக எளியது. ஓர் இடத்தில் தொடங்கு. மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே போ. பெரும்பாலும் ஏ-யு-ஜி தொடக்கம். யு-ஏ-ஏ, யு-ஏ-ஜி, யு-ஜி-ஏ மூன்றும் நிறுத்தக் குறிகள். 1966-க்குள் 64 மும்மைகளுக்கும் பொருள் தெரிந்துவிட்டது. இதில் ஹர் கோபிந்த் கொரானாவின் பங்கு பெரிது. யு-சி-யு-சி என்று மாறி மாறி வரும் ஆர்.என்.ஏ.வை ஆக்கி, அதிலிருந்து செரினும் லியூசினும் மாறி மாறி வரும் சங்கிலி கிடைப்பதைக் காட்டினார். அட்டவணையில் எண்ணியல் அழகு எதுவும் இல்லை. லியூசினுக்கு ஆறு மும்மைகள். டிரிப்டோஃபனுக்கு ஒன்றே ஒன்று. கணக்குப் போட்டு எவராலும் இதை வருவித்திருக்க இயலாது. 1979-இல் மனிதனின் மைட்டோகாண்டிரியாவில் யு-ஜி-ஏ நிறுத்தக் குறியன்று, டிரிப்டோஃபனைக் குறிக்கிறது என்றும் தெரிந்தது. இயற்பியல் விதியின் கட்டாயத்தால் வந்த அட்டவணையானால் இப்படி இடத்துக்கு இடம் மாறுமா?

என் மாணவரின் கேள்விக்கு நேரான விடை 1962-இல் செய்யப்பட்ட ஒரு சோதனையில் இருக்கிறது. பாடநூல்களில் இதற்கு உரிய இடம் இல்லை என்பது என் மனக்குறை. ஷாப்வில், லிப்மன், பென்சர் ஆகியோரும் துணைவர்களும் செய்தது இது. சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தை அதற்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வின் மேல் என்சைம் ஏற்றிவிட்டது. அதன்பின் நிக்கல் வினையூக்கியைக்கொண்டு சிஸ்டைனிலிருந்த கந்தகத்தை நீக்கினர். கந்தகம் போனால் சிஸ்டைன் அலனின் ஆகிவிடும். இப்போது சிஸ்டைனுக்குரிய ஆளின் தோளில் அலனின். ரைபோசோம் என்ன செய்யும்? சிஸ்டைன் வரவேண்டிய இடத்தில் அலனினைக் கோத்துவிட்டது! சரக்கு அலுவலகத்தில் மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே அரிசியா உமியா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதுபோலவே இதுவும்.

இதன் பொருளைச் சற்று நிதானமாக எண்ணுங்கள். இந்த மும்மைக்கு இந்த அமினோ அமிலம் என்ற உறவு டி.என்.ஏ.யில் எங்கும் இல்லை, தூது ஆர்.என்.ஏ.விலும் இல்லை. எந்தச் சுமையை எந்தத் தோளில் வைப்பது என்று அறிந்த அந்த என்சைம்களிடம்தான் அகராதி இருக்கிறது. அந்த என்சைம்களும் புரதங்களே. அவற்றை ஆக்கும் செய்தியும் டி.என்.ஏ.யில்தான். வரைபடம் இல்லாமல் கொத்தனார் இல்லை, கொத்தனார் இல்லாமல் வரைபடத்துக்குப் பொருள் இல்லை. ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கவேண்டியிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. (நாளிதழ்களில் ஒருவருடைய மரபுக் குறியீட்டைப் படித்துவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். அவர்கள் படித்தது அவருடைய டி.என்.ஏ. வரிசையை. குறியீடு உங்களுக்கும் எனக்கும் வாழைமரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே.)

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. இயற்பியல் மாணவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஷ்ரோடிங்கர் வெப்ப இயக்கத்தைப் பகைவனாகவே காண்கிறார். அணுக்களின் குலுக்கலிலிருந்து ஜீனைக் காக்கும் கோட்டை குவாண்டம் பிணைப்பு என்கிறார். செய்தியைச் சேமித்து வைப்பதற்கு இது பொருந்தும். படிப்பதற்கோ அந்தக் குலுக்கலே வேண்டும். கடத்து ஆர்.என்.ஏ.க்களை எவரும் வரிசையில் நிறுத்தி அனுப்புவதில்லை. அவை கண்டபடி அலைந்து வந்து ரைபோசோமில் மோதுகின்றன, பொருந்தாதவை விலகிப் போகின்றன, பொருந்தியது நிற்கிறது. இப்படித் தட்டித் தடவியே பாக்டீரியாவில் நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்கள்வரை கோக்கப்படுகின்றன.

அப்படியானால் தவறு நேராதா? வாலினும் ஐசோலியூசினும் ஒரே ஒரு கார்பன் அணுவும் இரு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட தொகுதியால் மட்டும் வேறுபடுகின்றன. அந்தச் சிறு ஆற்றல் வேறுபாட்டைப் போல்ட்ஸ்மன் விதியில் இட்டால், என்சைம் நூற்றுக்கோ இருநூற்றுக்கோ ஒரு தடவையாவது ஏமாறவேண்டும். உண்மையில் ஏமாறுவது பல ஆயிரத்துக்கு ஒரு தடவை. வேறுபாட்டை ஈடுகட்டுவது எது? 1974-இல் ஜான் ஹாப்ஃபீல்டு என்ற இயற்பியலாளர் இதற்கு விடை தந்தார். ஒரே சோதனையை இருமுறை செய். இரண்டுக்கும் நடுவே ஆற்றலைச் செலவிட்டு, திரும்பிப் போகும் வழியை அடைத்துவிடு. நூற்றில் ஒரு தவறு, நூற்றில் நூற்றில் ஒன்றாகிவிடும். ஐசோலியூசினை ஏற்றும் என்சைம் தவறி ஏற்றிய வாலினை வெட்டி எறிகிறது. அதற்குச் செலவான ஏ.டி.பி. வீண்தான். ரைபோசோமும் ஜி.டி.பி.யைச் செலவிட்டு இருமுறை சரிபார்க்கிறது. துல்லியம் படிகத்தின் உறுதியால் வருவதன்று, விலை கொடுத்து வாங்கப்படுவது. ஷ்ரோடிங்கரின் நூலில் குலுக்கலிலிருந்து பிறக்கும் ஒழுங்கு உண்டு, ஒழுங்கிலிருந்து பிறக்கும் ஒழுங்கு உண்டு. விலைக்கு வாங்கிய ஒழுங்கைக் காணோம். உயிர் உண்பது எதிர் என்ட்ரோபியை என்று ஆறாம் அத்தியாயத்தில் அவர் சொல்வது இதற்கு வெகு அருகில் வருகிறது. ஆனால் அது எங்கே, எதற்குச் செலவாகிறது என்று சொல்லவில்லை. அந்த அத்தியாயத்துக்கே பிற்பாடு ஒரு குறிப்பு எழுதி, இயற்பியலாளர்களுக்கு மட்டும் எழுதுவதானால் கட்டிலா ஆற்றலைப் பற்றியே பேசியிருக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார். பழைய பதிப்பைப் படிப்பவர்கள் அக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

ரைபோசோம் எதைச் சரிபார்க்கிறது என்பதை அணு அளவில் காட்டியவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1976-இல் இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெற்றபின், மறுபடியும் மாணவராக உயிரியல் வகுப்பில் போய் அமர்ந்தவர். அவர் குழு 2000-இல் ரைபோசோமின் சிறிய பகுதியின் அமைப்பை வெளியிட்டது. 2009-இல் நோபல் பரிசு. மும்மைக்கும் எதிர்மும்மைக்கும் இடையே முதல் இரண்டு காரச் சோடிகளின் வடிவத்தை ரைபோசோம் தொட்டுப் பார்க்கிறது. மூன்றாவதில் சற்று விட்டுக்கொடுக்கிறது. டப்ளின் மேடையில் எவ்வளவு யோசித்திருந்தாலும் இது கிடைத்திராது.

1987-இல் மாக்ஸ் பெரூட்ஸ் இந்நூலைப் பற்றிக் கடுமையாக எழுதினார். இதில் சரியானவை ஷ்ரோடிங்கருடைய சொந்தக் கருத்துகள் அல்ல, சொந்தக் கருத்துகளில் பெரும்பாலானவை சரியல்ல என்பது அவர் தீர்ப்பின் சாரம். குற்றச்சாட்டு பொய்யன்று. ஜீனின் அளவு பற்றிய கணக்கு டெல்புரூக்கும் அவர் கூட்டாளிகளும் 1935-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து எடுத்தது. அந்த அளவும் தவறு. நடுத்தரப் புரதம் ஒன்றுக்குரிய ஜீனிலேயே பல்லாயிரம் அணுக்கள் இருக்கின்றன. மனிதனுக்குக் குரோமோசோம்கள் 48 என்று எழுதியிருப்பது அன்று எல்லாரும் செய்த பிழை. 46 என்பது 1956-இல்தான் தெரிந்தது. ஆயினும் பெரூட்ஸின் தீர்ப்பை நான் முழுதும் ஏற்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையை எடைபோடும் தராசில் இதை வைக்கலாகாது. பரம்பரைச் சாயலை ஓர் எழுத்து வரிசையாக எண்ணிப் பார்க்கலாம் என்ற துணிவை இந்நூல் ஊட்டியது. படிப்பவர் யார் என்று கேட்கத் தவறியதும் இதே நூல்தான். இரண்டையும் சேர்த்தே மாணவரிடம் சொல்லவேண்டும்.

ஆகவே படியுங்கள். முதல் அத்தியாயத்தை மெதுவாக, பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு படியுங்கள். நான்கும் ஐந்தும் குவாண்டம் இயற்பியல் தெரிந்தவர்களுக்கு விருந்து. மற்றவர்கள் மோர்ஸ் உவமையை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம். முடிவுரையில் வேதாந்தம் வருகிறது. நம்மவர் சிலர் இந்நூலைப் புகழ்வதே அந்தச் சில பக்கங்களுக்காகத்தான்; அதற்கு முன்னுள்ள ஏழு அத்தியாயங்களையும் அவர்கள் படித்தார்களா என்று எனக்கு ஐயம். இரண்டாம் அத்தியாயத்தில் வரைபடமும் கொத்தனாரும் ஒன்றே என்று வருகிற இடத்தில் மட்டும் சற்று நின்று, ஓரத்தில் 1955 என்றும் 1962 என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகமானால் பென்சிலால் எழுதுங்கள்.